மீளும் உயிரும் மீளா உயிரும்

மனிதன் இறப்பான் என்பது அறவியல் அனைத்துக்கும் பொதுவான முதற்கூற்று. இறப்பில்லாத ஒருவனுக்கு வீரம் எதற்கு, ஈகை எதற்கு, அன்பிற்கூட அவசரம் எதற்கு என்னும் வினாக்கள் கிரேக்கர் காலந்தொட்டு எழுப்பப்பட்டு வந்துள்ளன. ஆயின், இறந்தவன் மீள்வதற்கு ஒரு விலை குறிக்கப்பட்டு, அவ்விலையும் ஒரு சில்லறைக் காசாகவே இருக்குமாயின் அறத்துக்கு யாது நேரும் என்ற வினா முன்னோருக்கு எழவில்லை. அவ்வினாவை எழுப்பியவர் எந்த மெய்யியலாளருமல்லர். காசுக்கு ஆடும் இலத்திரனியல் விளையாட்டுப் பொறிகளே அதனை முதலில் உலகின் முன் வைத்தன.

அப்பொறிகளுள் ஒன்றை விரிவாக நோக்குதல் பயன்தரும். 1987இல் யப்பானின் செகா நிறுவனம் ‘வொண்டர் போய் இன் மொன்ஸ்டர் லாண்ட்’ என்னும் ஆட்டத்தைத் தன் பொறிகளிற் புகுத்தியது. அதனை ஆக்கியது வெஸ்டோன் என்னும் சிறு நிறுவனம்; வடிவமைப்பாளர் றியூயிச்சி நிஷிசாவா. அமைதி நிலவிய நாடொன்றிற் பறவைநாகம் ஒன்று தன் பூதப்படையுடன் புகுகிறது; இளைஞன் ஒருவன் அதனை எதிர்க்கப் புறப்படுகிறான். புறப்படும்போது அவன் ஏறத்தாழ வெறுமேனியன், கையில் ஆயுதமுமில்லை. முதற் கதவினுள் நுழைந்த பின்னரே அவனுக்கு ஒரு வாள் கிடைக்கிறது. பின்னர் பூதங்களை வெட்டி வீழ்த்துந்தோறும் பொற்காசுகள் சிதறுகின்றன. வெறும் வெளியிலே துள்ளினாற்கூடச் சிலவிடங்களில் மறைந்திருந்த காசுகள் தோன்றுகின்றன. வழிநெடுகிலும் கடைகள் உள்ளன. ஒன்றிலே பாதணி, ஒன்றிலே கவசம், ஒன்றிலே கேடயம். மதுச்சாலையொன்றிற் காசு கொடுத்து ஒரு கிண்ணம் அருந்தினால் இழந்த வலிமை சிறிது மீளும். கடைக்காரன் வழிபற்றி ஒரு குறிப்புங் கூறுவான். உயரத் துள்ள விரும்பினால் நல்ல பாதணி வேண்டும். நல்ல பாதணிக்குக் காசு வேண்டும். காசுக்குச் சண்டை வேண்டும். இவ்வாறு உழைப்பு, ஊதியம், கொள்வனவு, வளர்ச்சி எனச் சுழலும் ஒரு சிற்றுலகம் அத்திரையில் இயங்குகின்றது.

இத்தகைய ஆட்டம் இரு வேறு மரபுகளின் கூட்டினாற் பிறந்தது. மேடைக்கு மேடை தாவி, ஏணியேறி, இடர்களைத் துள்ளிக் கடக்கும் ஆட்டவகை 1981இல் நின்ரெண்டோ நிறுவனத்தின் ‘டொங்கி கொங்’ என்னும் பொறியாற் புகழ்பெற்றது. பாத்திரமேற்று ஆடும் வகையோ அமெரிக்காவிலே கரி கைகக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் 1974இல் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்னும், தாளும் பென்சிலும் பகடையுங் கொண்டு பலர் கூடியிருந்து ஆடும் ஆட்டத்தின் வழிவந்தது. பின்னையது ஆறுதலானது. ஓர் இரவு முழுவதும், சில வேளைகளிற் பல மாதங்களும் நீள்வது. முன்னையதோ காசுப் பொறிக்குரியது. சில நிமிடங்களில் முடிய வேண்டியது. இரண்டையும் ஒன்றாக்கியபோது ஒரு முரண் தோன்றியது. ஆடுநன் ஆறுதலாக உலவி, கடைகளுக்குச் சென்று, தன் பாத்திரத்தை வளர்த்துக்கொண்டிருப்பானாயின் பொறிக்குரியவனுக்கு வருவாய் இல்லை. ஆகவே, திரையின் ஓரத்தில் ஒரு மணற்கடிகை வைக்கப்பட்டது. மணல் முழுதும் வடியுந்தோறும் வீரனின் உயிராற்றலைக் குறிக்கும் இதயச் சின்னங்களில் ஒன்று குறையும். பகைவர் எவரும் தீண்டாது நின்றாலும் அவன் தேய்ந்துகொண்டேயிருப்பான்.

இம்மணற்கடிகை பற்றிச் சிறிது சிந்தித்தல் வேண்டும். காலம் உயிரைத் தின்னும் என்பது பழைய உண்மை; சித்தர் பாடல்கள் முதல் ஒப்பாரி வரை தமிழில் அது பேசப்படாத இடமில்லை. ஆயின், இப்பொறியிலே காலம் உயிரைத் தின்பது இயற்கையின் நியதியன்று, வாடகையின் நியதி. வீட்டிலிருந்து ஆடும் ஆட்டங்களுக்கு இந்நெருக்கடி இல்லை. 1986இல் யூஜி ஹொரீ வடிவமைத்த ‘டிராகன் குவெஸ்ட்’ என்னும் வீட்டு விளையாட்டில் வீரன் மாண்டால் அரசனின் முன்னிலையில் மீண்டும் எழுப்பப்படுவான்; தண்டமாக அவன் சேர்த்து வைத்த பொன்னிற் பாதி பறிபோகும்; ஈட்டிய தேர்ச்சியோ குறையாது. அங்கே மரணம் ஒரு வரி. காசுப் பொறியிலே அது ஒரு கட்டணம். வரியை ஆட்டத்துள் ஈட்டிய பொருளாற் செலுத்தலாம். கட்டணத்தையோ ஆட்டத்துக்கு வெளியே, சட்டைப் பையிலிருந்து எடுக்கும் நூறு யென் குற்றியாற் செலுத்த வேண்டும். திரையில் ‘தொடர்வாயா?’ என்னும் வினா தோன்றி, இலக்கங்கள் ஒவ்வொன்றாய் இறங்கிவர, ஆடுநன் பையைத் துழாவுகிறான். காசு இருப்பின் வீரன் எழுகிறான், இல்லையேல் இல்லை.

இனி வினாவுக்கு வரலாம். மரணத்தை இவ்வாறு மலிவாக்கும் விளையாட்டு இளைஞரின் அறவுணர்வைக் கெடுக்குமா? கெடுக்கும் என்போர் கூறுவது எளிதிற் புரியத்தக்கது. நாள்தோறும் நூறு முறை மாண்டு நூறு முறை எழுபவனுக்கு உயிரின் அருமை மங்கிவிடும். கொல்வதும் கொல்லப்படுவதும் விரலசைவாகிவிடும் என்பர். கெடுக்காது என்போர் 1938இல் ‘ஹோமோ லூடென்ஸ்’ என்னும் நூலை எழுதிய ஒல்லாந்து அறிஞர் யொஹான் ஹூய்சிங்காவின் கருத்தைத் துணைக்கழைப்பர். விளையாட்டு என்பது அன்றாட வாழ்விலிருந்து எல்லையிட்டுப் பிரிக்கப்பட்ட ஒரு களம்; அக்களத்தினுள் நிகழ்வதற்கு அக்களத்தின் விதிகளே பொருள் தருவன. சதுரங்கத்தில் அரசன் சிறைப்பட்டதற்காக எவரும் துக்கங் கொண்டாடுவதில்லை. ‘நாயும் புலியும்’ ஆடும் சிறுவன் புலியைக் கட்டியதால் வேட்டைக்காரனாகிவிடுவதுமில்லை.

இவ்விரண்டாவது விடை சரியானதே. எனினும் அது வினாவை முடித்துவைக்கவில்லை. களத்தின் எல்லை உறுதியானதாயின் காசுப் பொறியின் எல்லை எங்கே? ஆட்டத்தினுள் இருக்கும் வீரன் மாளும்போது ஆட்டத்துக்கு வெளியே இருப்பவனின் பணம் உள்ளே நுழைந்து அவனை எழுப்புகிறது. சதுரங்கத்தில் ஐந்து ரூபா கொடுத்து இழந்த மந்திரியைத் திரும்பப் பெறும் விதி இருக்குமாயின் அது சதுரங்கமாக இருக்குமா? ஹூய்சிங்கா வரைந்த கோட்டைப் பொறியின் காசுத்துளை ஊடறுத்துச் செல்கின்றது. ஆகவே, இறப்பு மீளத்தக்கதாய் இருப்பதை மட்டும் வைத்து இவ்வாட்டங்களை மதிப்பிடல் தகாது. மீட்சிக்கு விலை கொடுப்பவர் யார் என்பதையே ஆராய வேண்டும்.

இதனைத் தெளிவாக்குவதற்கு யப்பானுக்கோ அமெரிக்காவுக்கோ போக வேண்டியதில்லை. தமிழ்ச் சிறுவர் சடுகுடு என்றும் கபடி என்றும் அழைக்கும் ஆட்டத்தில் ‘செத்துப்போதல்’, ‘உயிர் பெறுதல்’ என்னும் சொற்கள் வழங்குகின்றன. இந்தியாவில் இவ்வாட்டம் ஒழுங்குபடுத்தப்பட்ட காலத்தில் மூன்று முறைகள் வழக்கிலிருந்தன. காமினி என்னும் முறையில் வெளியேறியவர் வெளியேறியவரே. தம் அணியினர் அனைவரும் வீழும்வரை அவர் களத்துக்குத் திரும்ப முடியாது. அமர் என்னும் முறையில், பெயருக்கேற்ப, எவரும் வெளியேறுவதில்லை. தொடப்பட்டவர் களத்திலேயே நிற்பார், எதிரணிக்குப் புள்ளி மட்டும் சேரும். சஞ்சீவினி முறையிலோ எதிரணியில் ஒருவர் வீழ்த்தப்படுந்தோறும் தம் அணியிற் செத்தவருள் ஒருவர் உயிர்பெற்று வருவார். அதுவும் செத்த ஒழுங்கிலேயே. இன்றைய கபடி பின்பற்றுவது இச்சஞ்சீவினி முறையையே.

மூன்று முறைகள் என்பதைவிட மூன்று மெய்யியல்கள் என்பதே பொருத்தம். காமினியில் இறப்பு இறுதியானது. அமரில் இறப்பென்பதே இல்லை, கணக்கு மாத்திரம் உண்டு. இவ்விரண்டையுந் தள்ளிச் சஞ்சீவினி நிலைத்தமைக்கு ஆட்டச்சுவை ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் அமைப்பில் ஓர் அறமும் உறைகின்றது. செத்தவன் கோட்டுக்கு வெளியே அமர்ந்திருக்கிறான். தன்னை எழுப்பிக்கொள்ள அவனால் ஒன்றும் இயலாது. எவ்வளவு செல்வனாயினும் இயலாது. அவனுக்காக இன்னொருவன் மூச்சடக்கி எதிரியின் எல்லைக்குள் நுழைய வேண்டும். தானும் சாகக்கூடும் என்னும் ஆபத்தை ஏற்று ஒருவனைத் தொட்டுத் திரும்ப வேண்டும். இங்கே உயிரின் விலை தோழனின் மூச்சு. இராமாயணத்திற் சஞ்சீவி மூலிகையைத் தேடிச் சென்றவனும் விழுந்து கிடந்த இலக்குவனல்லன், அனுமனே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் ஆடப்படும் கிளித்தட்டில் இவ்வுணர்வின் மறுபக்கத்தைக் காணலாம்: ஒருவர் அடிபட்டால் அணி முழுவதுமே வெளியேற வேண்டும். அங்கு ஒருவரின் வீழ்ச்சி எல்லோருடையதுமாகின்றது.

காசுப் பொறியை வெறுப்போர் ஒன்றை மறந்துவிடுதல் கூடாது. அப்பொறிகளின் முன் நின்ற இளைஞரிடையே தாமாகவே ஓர் ஒழுக்கம் உருவாயிற்று. எத்தனை காசும் இட்டு ஆட்டத்தை முடித்தவனை எவரும் வியப்பதில்லை. ஒரே காசில், ஒருமுறையும் ‘தொடராமல்’, இறுதிவரை சென்றவனே மதிக்கப்பட்டான். யப்பானில் அதற்கெனத் தனிச்சொல்லே வழங்குகிறது. பல பொறிகளில் தொடர்ந்து ஆடுபவனின் புள்ளிகள் பூச்சியத்திலிருந்தே மீளத் தொடங்கும். அதிக புள்ளி பெற்றோரின் பட்டியலில் மூன்றெழுத்திற் பெயர் பொறிக்கும் உரிமை விலைக்கு விற்கப்படவில்லை. (பண்டைத் தமிழர் வீழ்ந்தவனின் பெயரும் பீடும் கல்லிற் பொறித்தனர், பொறியின் பட்டியலோ மின் நின்றால் அழியும். ஒப்பிடத் தகாத இரண்டெனினும், பெயர் பொறிக்கும் ஆசையின் வேர் ஒன்றே போலும்.) விற்கப்பட்ட மீட்சியை ஏற்றுக்கொண்டே அதனை மதிக்க மறுத்த இவ்விளைஞர், விலை கொடுத்து வாங்கிய உயிர் வேறு, காத்துக்கொண்ட உயிர் வேறு என்பதை எந்த நூலுங் கற்காமலே உணர்ந்திருந்தனர். ஆட்டங்கள் அறவுணர்வை மழுங்கடிக்கும் என்னும் வாதத்துக்கு இதுவே தக்க மறுமொழி.

ஆனாலும் அவர்கள் காட்டியதை வீரம் என்று கூறல் பொருந்தாது. அமெரிக்க மெய்யியலாளர் மார்த்தா நுஸ்பாம், மனிதர் போற்றும் நற்பண்புகள் பல, இழப்புக்கு ஆளாகும் உயிர்களுக்கே உரியன என வாதிட்டுள்ளார். சாவில்லாத தேவர்க்கு வீரமென்பது பொருளற்ற சொல். திரையில் வாள் வீசுபவனிடத்து இருப்பது தேர்ச்சி, பொறுமை, கையும் கண்ணும் ஒன்றும் நுட்பம். இவை சிறந்தவையே. அவற்றுக்கு வீரம் என்று பெயரிடும்போது ஆட்டமும் கெடுகிறது, வீரமும் கெடுகிறது. ஆட்டத்தின் விளம்பரங்களே இக்குழப்பத்துக்குப் பெரிதும் பொறுப்பு.

பாத்திரமேற்றல் பற்றியும் நோக்க வேண்டும். பொறியிலே பாத்திரமேற்றல் என்பது பெரும்பாலும் சேர்த்தலே: காசு சேர்த்தல், கவசம் சேர்த்தல், ஆற்றல் சேர்த்தல். இதன் அருகில் வன்னியின் கூத்தை வைத்துப் பார்த்தால் வேறுபாடு புலனாகும். இரணைமடுக் குளத்தை அண்டிய குடியேற்றத் திட்டங்களுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோர் தம்முடன் கூத்தையும் கொணர்ந்தனர்; முல்லைத்தீவிலோ முல்லைமோடி எனத் தனிப்பெயர் பெற்ற கூத்துமரபு முன்னரே வேரூன்றியிருந்தது. ஊர்தோறும் விரும்பி ஆடப்பட்டவற்றுள் காத்தவராயன் கூத்து ஒன்று. அதன் கதையும் ஒருவகையில் மேற்கூறிய யப்பானிய ஆட்டத்தை ஒத்ததே. இளைஞன் ஒருவன், அடைய வேண்டிய ஒருத்தி, தாயாகிய முத்துமாரி விதிக்கும் சோதனைகள், மாற்றுருவங்கள், படிப்படியான பயணம், இறுதியிற் கழுமரம். களரியில் உண்மையாகவே உயர்ந்த மரமொன்று நாட்டப்படும். விடியும் வேளையிற் காத்தவராயன் படிப்படியாக அதிலேறிப் பாடுவான். மேடைக்கு மேடை ஏறும் ஆட்டம் வன்னிக்குப் புதிதன்று என்று வேடிக்கையாகக் கூறலாம்.

ஆயின், வேறுபாடே முக்கியமானது. காத்தவராயனாக ஒருவர் மட்டும் ஆடுவதில்லை. பாலகாத்தான், ஆதிகாத்தான் என வயதுக்கும் கதைப்பகுதிக்கும் ஏற்ப ஒருவர் பின் ஒருவராக வெவ்வேறு நடிகர் அப்பாத்திரத்தை ஏற்பர். பாத்திரம் ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்குக் கையளிக்கப்படுகிறது. பொறியிலே ஒருவன் பல உயிர்களைக் கொண்டிருக்கிறான். கூத்திலே ஓர் உயிரைப் பலர் சுமக்கின்றனர். ஏறுந்தோறும் காத்தவராயன் எதையும் ஈட்டுவதில்லை, இழந்துகொண்டே போகிறான். அவனிடம் கவசமில்லை, பாதணியில்லை, பாட்டு மட்டுமே உண்டு. இக்கூத்து பெரும்பாலும் அம்மனுக்கு நேர்ந்துகொண்ட நேர்த்தியாகவே ஆடப்படும். பிள்ளையின் நோய் தீரவேண்டி நேர்ந்தவரும் இருப்பர், போனவர் திரும்பவேண்டி நேர்ந்தவரும் இருப்பர். செலவும் உண்டு, ஆயின் அச்செலவு எதையும் வாங்குவதில்லை. அம்மன் வரந் தந்தாலும் தராவிட்டாலும் கூத்து ஆடப்பட்டே தீரும். நேர்த்திக்கும் கட்டணத்துக்குமுள்ள வேறுபாடு இதுதான்: கட்டணம் செலுத்தியவன் கேட்கும் உரிமை பெறுகிறான், நேர்ந்தவனோ காத்திருக்கும் கடமையையே பெறுகிறான். நேர்த்தியையும் சிலர் பேரமாக்கிவிடுவதுண்டு என்று கூறுவோர் உளர். அது நேர்ந்தவரின் குறை, வழக்கத்தின் குறையன்று.

வொண்டர் போய் யப்பானியத் திரைகளில் துள்ளத் தொடங்கிய அதே 1987இல், யூலை 29ஆம் நாள் இலங்கை–இந்திய ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. ஒக்டோபரில் போர் மறுபடி மூண்டது. 1990 யூனில் மீண்டும் தொடங்கிய போரின் பின் வன்னி பெருநிலப்பரப்பு பொருளாதாரத் தடையின் கீழ் வந்தது. மின்கம்பிகளில் மின்சாரமில்லை, எரிபொருளும் உலர்மின்கலங்களுங்கூடத் தடைசெய்யப்பட்ட பொருட்களுள் அடங்கின. அக்காலத்திற் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வளர்ந்த பிள்ளைகளுக்குக் காசுப் பொறி ஒருபுறமிருக்க, ஒரு வானொலியை இயக்குவதே பாடாயிருந்தது. மிதிவண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறை அது. அவர்களுக்குச் சாவு மலிவென்று கற்பிக்க எந்த விளையாட்டும் தேவைப்படவில்லை. சாவை மலிவாக்கும் வேலையைப் போரே செய்தது. பெருந்திரளான மக்களைக் கொன்ற எந்தப் போரும் காணொளி விளையாட்டினால் விளைந்ததன்று என்னும் சாதாரண உண்மை, விளையாட்டுகளைக் கண்டிக்கும் சொற்பொழிவுகளில் எளிதில் மறக்கப்பட்டுவிடுகின்றது.

2009 மே மாதத்தில் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட முள்ளிவாய்க்காலின் ஒடுங்கிய நிலப்பரப்பிற் போர் முடிந்தது. அந்நாட்களில் வட்டுவாகல் வழியாக வெளியேறும்போது தம் உறவினரைப் படையினரிடம் கையளித்ததாகப் பல குடும்பங்கள் சாட்சியமளித்துள்ளன. கையளிக்கப்பட்டோர் திரும்பவில்லை. 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலிற் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அவ்வாறே தொடங்கப்பட்டது. காணாமற்போனோர் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் நிறைவேறியது. 2018இல் அதற்கு ஆணையாளர்கள் நியமிக்கப்பட்டனர். 2022 மார்ச்சில் அமைச்சரவை, காணாமற்போனோரின் குடும்பத்துக்கு ஒருமுறைக் கொடுப்பனவாக ஓர் இலட்சம் ரூபா வழங்க ஒப்புதல் அளித்தது. போராடிவந்த தாய்மார் பலர் அதனை ஏற்க மறுத்தனர்.

இம்மறுப்பு அறவியல் மாணவரின் கூர்ந்த கவனத்துக்குரியது. மறுத்தோருட் பெரும்பாலோர் வறியவர்; ஓர் இலட்சம் ரூபா அவர்களுக்குச் சிறு தொகையன்று. வறுமையில் வாடுவோருக்கு அரசு உதவுவதில் யாது தவறு, உதவியை மறுப்பது உணர்ச்சிவயப்பட்ட பிடிவாதமன்றோ என்று நடுவுநிலையாளர் சிலர் வினவக்கூடும். வினா நேர்மையானதே. உதவி என்ற அளவில் அத்தொகையிற் குறை கூறுவதற்கில்லை. அதனை ஏற்றுக்கொண்ட குடும்பத்தைக் குறைகூற எவருக்கும் உரிமையுமில்லை. ஆயின், பிள்ளை எங்கே என்னும் வினாவுக்கு விடையாக ஒரு தொகை நீட்டப்படும்போது அத்தொகையின் பொருள் மாறிவிடுகின்றது. விலை என்பது எப்போதும் ஒரு கணக்கை முடிப்பதற்கே கொடுக்கப்படுவது. வாங்கியவரும் விற்றவரும் அதன்பின் ஒருவருக்கொருவர் கடன்பட்டவரல்லர். தாய்மார் காக்க முயன்றது அக்கடனையே. எவனோ ஒருவன் விடை கூறக் கடமைப்பட்டிருக்கிறான் என்னும் உறவு நிலைக்கும்வரை காணாமற்போனவனும் ஒருவகையில் உலகோடு தொடர்பற்றுப் போகவில்லை. காசை வாங்கினால் அத்தொடர்பு அறும் என அஞ்சினர். ஒரே காசில் முடிப்பதை மதித்த யப்பானிய இளைஞன் விளையாட்டாக உணர்ந்ததையே இத்தாய்மார் வாழ்வாக உணர்ந்தனர் என்றால் ஒப்புமை மிகையாகும். அவன் தன் பெருமையைக் காத்தான். இவர்கள் இன்னொருவரின் பெயரைக் காக்கின்றனர். எனினும் விலை நுழையத்தகாத இடமொன்று உண்டென்பதை இருசாராரும் அறிந்திருந்தனர்.

முள்ளிவாய்க்காலிலிருந்து அதிக தொலைவில்லாமல், அதே நந்திக்கடலின் கரையில், வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் உள்ளது. வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீர் எடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் அந்நீரிலே விளக்கெரித்து வற்றாப்பளைக்குக் கொண்டுவருவது இம்மண்ணின் வழக்கம். கோவலன் கதை இங்கு காவியமாக மட்டுமன்றிக் கூத்தாகவும் சடங்காகவும் வாழ்கின்றது. சிலப்பதிகாரத்தின் ஊர்சூழ்வரியில், வெட்டுண்ட கோவலனின் உடலைக் கண்ணகி தழுவிக்கொண்டபோது அவன் எழுந்து, அவள் கண்ணீரைத் துடைத்து, இருக்கும்படி கூறிவிட்டு, வானோரிடம் சென்றான் என்று இளங்கோ பாடுகிறார். தமிழிலக்கியத்தில் இறந்தவன் மீளும் இடங்களுள் இதனினும் துயர்மிக்கது அரிது. மீள்கிறான்; ஆனால் தங்குவதில்லை. அம்மீட்சிக்கு எவரும் விலை கொடுக்கவில்லை. அதனால் அதை நீடிக்கவும் எவராலும் இயலவில்லை. கண்ணகி அடுத்துச் சென்றது அரசவைக்கு. அங்கே அவள் கேட்டது இழப்பீடன்று. தன் கணவன் கள்வனல்லன் என்னும் ஓர் உண்மையை அரசன் தன் வாயாற் கூற வேண்டும் என்பதே. இழந்ததற்கு ஈடு கேட்டு அவள் வந்திருப்பாளாயின் பாண்டியன் மகிழ்ந்து கொடுத்திருப்பான். அவனும் பிழைத்திருப்பான், மதுரையும் பிழைத்திருக்கும், காவியமும் இருந்திராது.

இன்று வன்னியில் மின்சாரம் உண்டு. கைத்தொலைபேசி இல்லாத இளைஞர் அரியர். காசுப் பொறிகள் யப்பானிற்கூட அருகிவிட்டன. அவற்றின் ஆட்டங்கள் கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டன. உடன் ஒரு புதுமையும் வந்தது. இன்றைய கூட்டுப்போர் விளையாட்டுகள் சிலவற்றில் அடிபட்டு விழுந்தவனைத் தோழன் அருகிற் சென்று தூக்கிவிடலாம். தூக்கும்போது அவனும் சுடப்படக்கூடும். சஞ்சீவினி முறை வேறுருவில் மீண்டிருக்கிறது. அதே விளையாட்டுகளில் மெய்ப்பணங் கொடுத்து அலங்காரங்களை வாங்கும் கடையும் உண்டு. காசுத்துளை மூடப்படவில்லை, இடம் மாறியுள்ளது. கண்டிக்க விரும்பும் பெற்றோரும் ஆசிரியரும் துப்பாக்கியை விட்டுக் கடையைக் கவனிப்பது நன்று.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கணினிப் பொறியியலைப் பயிற்றுகின்றது. 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் கணினியியல் கற்பிக்கப்படுகின்றது. இம்மாணவருள் எவரேனும் ஒருவர் ஒருநாள் வன்னியைக் களமாகக் கொண்ட ஓர் ஆட்டத்தை எழுதக்கூடும். பறவைநாகமும் பொற்காசும் அதில் இருக்கலாம்; இரணைமடுவின் அணைக்கட்டும் நந்திக்கடலின் சேறும் மேடைகளாகலாம். வொண்டர் போயின் இறுதியில் வீழ்த்தப்பட்ட பறவைநாகம் ஓர் இயந்திரமென வெளிப்படும். அதுபோன்ற ஒரு வியப்பை அவரும் புனையலாம். ஆனால், வீரன் வீழும்போது திரையில் யாது எழுத வேண்டும் என்பதை அவர் முடிவுசெய்தாக வேண்டும். ‘ஆட்டம் முடிந்தது’ என்பது மாண்டவர்க்குரிய சொல், ‘தொடர்வாயா?’ என்பது மீள்பவர்க்குரியது. மாண்டார் என்றும் கூறப்படாமல், மீண்டும் வராமல், கந்தசுவாமி கோயில் முன்றலிற் படங்களாக மட்டும் இருந்தவர்களுக்கு இவ்விரண்டும் பொருந்தா. அவ்விடத்தில் இடுவதற்கு ஆட்டக்காரரின் அகராதியில் இன்னும் ஒரு சொல் இல்லை.